கோடை வகுப்பு இலவசம். கூலியை யார் தருவது?

ஏப்ரல் கடைசியில் பள்ளிகள் அடைத்ததும் நம் கடைவீதிகளில் புதிய முகங்கள் தென்படத் தொடங்கும். பதினோராம் வகுப்பை முடித்த பையன் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவான். இன்னொருவன் மொத்தக் கடையில் மூட்டைகளை எண்ணிச் சீட்டு எழுதுவான். ஜவுளிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் பெண் பிள்ளைகள் நிற்பார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டும் செருப்பும் வாங்க அந்தக் கூலிதான் உதவுகிறது. மிச்சம் இருந்தால் வீட்டுக் கடனுக்குப் போகிறது. முகூர்த்த மாதத்தில் ஆள் கிடைத்த நிம்மதி நமக்கு. இரு தரப்புக்கும் லாபம் என்றே இதுவரை எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கில் எழுதாமல் விட்ட பற்று ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது தவிர, 14 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கடை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கூறிவிட்டது. நாம் இங்கே பேசுவது 16, 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றி. அபாயமில்லாத வேலையில் அவர்களை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் இடம் தந்துவிட்டதால் நம் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்பதே கேள்வி.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதே மே மாதத்தில் என்ன செய்கிறார்கள்? கணக்குக்கும் பௌதிகத்துக்கும் தனி வகுப்பு போகிறார்கள், கம்ப்யூட்டர் கற்கிறார்கள். நம் பிள்ளைகளையே நாம் அப்படித்தான் அனுப்புகிறோம். ஓராண்டு கழித்துப் பொறியியல் கல்லூரி வாசலில் இருவரும் ஒன்றாக நிற்கும்போது, ஒருவன் இரண்டு மாதம் முன்னால் நிற்கிறான். மற்றவன் பின்தங்கிய அந்த இரண்டு மாதமும் நம் கடையில் கழிந்தது.

இந்த இடைவெளியை மற்றவர்கள் எப்படி அடைக்க முயன்றார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் உண்டு (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வேறு). கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்க வழி வந்தோரும், செவ்விந்தியரும் அந்நாட்டு மக்கள் தொகையில் பெற்றிருந்த பங்குக்குப் பொறியாளர்களிடையே இடம் பெறவில்லை. அதை மாற்ற 1970-களின் நடுவில் 'மைட்ஸ்' என்ற கோடைத் திட்டத்தை அக்கழகம் தொடங்கியது. பதினோராம் வகுப்பை முடித்த மாணவர்கள் ஆறு வாரம் அங்கேயே தங்கிக் கணக்கு, பௌதிகம், உயிரியல், பொறியியல் எல்லாம் படிக்கிறார்கள். படிப்பும் உணவும் தங்குமிடமும் இலவசம். போக்குவரத்துச் செலவு மட்டும் வீட்டாருடையது. ஆரம்பத்தில் சிறுபான்மை இனத்தாருக்கென்று இருந்ததை, வழக்கு வரக்கூடும் என்ற நிலையில் 2003-ஆம் ஆண்டில் எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட்டார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி செல்பவரா, குறைந்த வருமானமா என்பவையும் இப்போது கவனிக்கப்படுகின்றன.

நல்ல திட்டம்தான். ஆனால் ஆறு வாரம் சம்பாதிக்காமல் இருக்க முடிந்த பிள்ளைதான் அங்கே போக முடியும். இந்தச் சிக்கலை அந்நாட்டு அரசு முன்பே உணர்ந்திருந்தது. 1960-களில் தொடங்கிய 'அப்வர்டு பவுண்டு' என்ற அரசுத் திட்டமும் ஏழை மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார் செய்வதே. அதில் சேரும் மாணவருக்குக் கோடை மாதங்களில் மாதம் 60 டாலர் வரை கைச்செலவுப் பணம் தரலாம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். தொகை சிறியது; அதன் பின்னுள்ள அறிவு பெரியது. கட்டணம் வாங்காமல் இருப்பது பாதி உதவி. இழந்த கூலியை ஈடு செய்வது மறு பாதி.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. பாட்னாவில் ஆனந்த்குமார் என்ற கணித ஆசிரியர், 1994-இல் கேம்பிரிட்ஜில் படிக்க இடம் கிடைத்தும் பணமின்றிப் போக முடியாதவர். தந்தை இறந்தபின் தாயார் அப்பளம் இட, மகன் வீதி வீதியாக அதை விற்றுக் குடும்பம் நடந்தது. அவரே 2002-இல் 'சூப்பர் 30' என்று தொடங்கி, ஆண்டுதோறும் 30 ஏழை மாணவர்களுக்கு உணவும் இடமும் தந்து ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றுவித்தார். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் அப்பளக் கட்டுகளைக் கொண்டுபோய் இறக்கிய கடைகளும் நம்முடையவை போன்றவைதாமே!

தமிழ்நாட்டில் அரசு தன் பங்கைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பொறியியல் நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. 2021-ஆம் ஆண்டின் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் ஒதுக்கியது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகவே கதவு திறந்திருக்கிறது. உள்ளே போன பிள்ளை முதலாண்டுக் கணக்குப் பாடத்தை ஆங்கிலத்தில் கேட்டுத் திகைத்து நிற்கிறதே, அந்த இடத்தில்தான் கோடை வகுப்பு தேவைப்படுகிறது.

"இதெல்லாம் அரசின் வேலை, கடைக்காரனுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் நம் பழைய பேரேடுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். விருதுநகரில் 1889-இல் க்ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளி எழுந்தது வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று செலுத்திய மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியாலும்தான். அங்கே படித்த காமராஜர், தந்தையை இழந்த குடும்பத்தின் நிலைமையால் படிப்பைப் பாதியில் விட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போனார். பின்னாளில் முதலமைச்சராக இருந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டவர் அவரே. பள்ளிக்கும் கடைக்கும் நடுவில் நிற்கும் பிள்ளையின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருந்தது. அழகப்பச் செட்டியார் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழ 1944-இல் பொருள் தந்ததும், மதுரையில் கருமுத்து தியாகராசர் 1957-இல் பொறியியல் கல்லூரி நிறுவியதும் தொழிலிலும் வணிகத்திலும் ஈட்டிய பணத்தால்தான். கல்லூரி கட்டும் வசதி நமக்கு இல்லை. நான்கு வாரம் ஒரு வகுப்பு நடத்தும் வசதி நம் ஊர்ச் சங்கங்களுக்கு உண்டு.

என்ன சொல்லித் தருவது என்று மலைக்க வேண்டாம். நம் கடையே ஒரு தொழிற்கூடம். மின்னணுத் தராசைத் திறந்து காட்டினால், பாரம் ஏறும்போது உள்ளேயிருக்கும் உலோகத் துண்டு மிக நுண்ணிதாக வளைவதையும், அதில் ஒட்டிய கம்பிப் படலம் நீண்டு மின்தடை மாறுவதையும், அந்த மாற்றமே எடையாகத் தெரிவதையும் ஒரு நாளில் விளக்கலாம். ஆண்டுதோறும் முத்திரை வைக்கும் தராசுக்குள் பௌதிகப் பாடம் இருக்கிறது! மாவு மில்லில் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 4 அங்குலச் சக்கரமும், மில் தண்டில் 12 அங்குலச் சக்கரமும் போட்டால் கல் எத்தனை சுற்று சுற்றும்? 480 என்று பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். பால் வைக்கும் குளிர்பெட்டி எப்படிக் குளிர்கிறது, அதன் கதவு சரியாக மூடாவிட்டால் கரண்ட் பில் ஏன் ஏறுகிறது என்பதும் பாடமே. காலையில் கணக்கும் பௌதிகமும், கல்லூரியில் வரும் ஆங்கிலச் சொற்களும். பிற்பகலில் கையால் செய்து பார்ப்பது. ஊரிலுள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் அழைத்தால் வருவார்கள்.

இனிச் செலவைப் பார்ப்போம். ஓர் ஊர்ச் சங்கத்தில் 200 கடைகள் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு முடித்த 20 பிள்ளைகள். வாரம் ஆறு நாள் வீதம் நான்கு வாரம், ஆக 24 நாள். ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்றால் ஒரு பிள்ளைக்கு 9,600. இருபது பேருக்கு 1,92,000 ரூபாய். மதிய உணவு ஆளுக்கு 60 ரூபாய் வீதம் 28,800. ஆசிரியர் மதிப்பூதியம், கருவிகள், புத்தகம் ஆகியவற்றுக்கு 79,200 ஒதுக்கலாம். மொத்தம் 3 லட்சம். கடைக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய். நாளைக்கு நான்கு ரூபாய்ச் சொச்சம். கல்லாவில் சில்லறையாகப் புரளும் பணம்.

இதில் கூலிக்கான தொகைதான் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். வகுப்பை மட்டும் நடத்திவிட்டு இந்தத் தொகையை மிச்சப்படுத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் வகுப்புக்கு வருபவர்கள் ஏற்கெனவே வர முடிந்தவர்களாகவே இருப்பார்கள். யாருக்காகத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளை நம் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்.

மற்றொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மே மாதம் நமக்கு ஆள் தேவை. பிள்ளையை வகுப்புக்கு அனுப்பினால் நாமே மூட்டை பிரிக்க வேண்டும். அல்லது வேறு ஆளுக்குக் கூலி தர வேண்டும். கோடையில் வேலைக்கு வரும் பிள்ளை அடுத்த ஆண்டும் வரும், பிறகு நிரந்தரமாக நின்றுவிடும் என்று உள்ளூர நாம் எண்ணுவதும் உண்டு. படிப்பில் மனம் போய்விட்டால் நல்ல ஆள் ஒருவன் கைவிட்டுப் போவான் என்ற அச்சம் நம்மில் பலருக்கு இருக்கிறது. எங்களுக்கும் இருந்தது. ஆனால் நம் பிள்ளை கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிப் படிக்கப் போகும்போது பெருமையோடு வழியனுப்புகிறோம். பிறர் பிள்ளைக்கு மட்டும் வேறு எடைக்கல் வைப்பது வியாபார நியாயம் ஆகாது. கள்ள எடை என்பது தராசில் மட்டும் நேர்வதில்லை.

வகுப்புக்கு வந்த இருபது பேரும் பொறியாளர் ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. சிலருக்கு இது தங்களுக்கு ஒத்துவராது என்று தெரியவரும். அதுவும் நான்கு ஆண்டுப் படிப்பில் சேர்ந்து தவிப்பதற்கு முன்பே தெரிவது லாபமே. சிலர் ஐ.டி.ஐ. போவார்கள், சிலர் நம் கடைக்கே திரும்பி வருவார்கள். வருபவர்கள் வேறு வழியின்றி வராமல், விரும்பி வந்தவர்களாக இருப்பார்கள்.

ஆண்டுதோறும் மே 5-ஆம் நாளை வணிகர் தினமாகக் கொண்டாடுகிறோம். கடையை அடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். நம் உரிமைகளைக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அதே மே மாதத்தில் நாம் கொடுப்பதற்கும் ஒன்று இருக்கட்டும். அடுத்த வணிகர் தினத்துக்கு முன் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் பொதுக்குழுவில் இதை வைத்துப் பேசி, பழைய மகமைப் பெட்டியைப் போல ஒரு கணக்குத் தொடங்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். அதுவரை தனிக்கடைக்காரர் செய்யக்கூடியதும் உண்டு. இந்தக் கோடையில் உங்கள் கடைக்கு வரும் பிள்ளையிடம் என்ன பாடப்பிரிவு படிக்கிறாய் என்று கேளுங்கள். கணக்கு, பௌதிகம் என்று பதில் வந்தால், கூலியைக் குறைக்காமல் தினமும் இரண்டு மணி நேரம் படிக்க விடுங்கள். அந்த இரண்டு மணி நேர வியாபாரத்தை நாமே பார்த்துக்கொள்வோம்.