கைக்குழந்தைக்கும் ஒரு நிறுத்தம் வேண்டும்

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறக்கும் குழந்தை முதன்முதலாகப் பார்க்கும் பெருநகரம் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான். குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இந்த ஊரிலிருந்து சென்னைக்குப் போக ஓர் இரவு முழுக்க வேண்டும். கேரளத் தலைநகருக்கோ ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட தென் திருவிதாங்கூர்த் தாலுகாக்கள் தமிழகத்தோடு இணையும்வரை இந்த மக்களுக்கும் அதுவே தலைநகர். எல்லைக்கோடு மாறியது, கால் பழகிய வழி மாறவில்லை.

அங்கே இழுப்பவை இரண்டு இடங்கள். ஒன்று மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி. சிறு வயதிலேயே இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் ஸ்ரீ அவிட்டம் திருநாளின் பெயரில் 1952இல் தொடங்கிய தாய்சேய் மருத்துவமனை அது. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும், பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகிவிட்டால் திருவனந்தபுரம் கொண்டுபோவது என்ற பேச்சு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஓயவில்லை. இன்னொன்று விமான நிலையம். வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பா, நான்கைந்து மாதமான பிள்ளையை முதல் தடவையாகக் கையில் வாங்குவது அந்த வருகை வாசலுக்கு வெளியேதான். கடலோர ஊர்களில் இது எத்தனையோ வீடுகளின் கதை.

ஆண்கள் வளைகுடாவில் இருப்பார்கள், இல்லையென்றால் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். அதனால் பிள்ளையோடு புறப்படுவது பெரும்பாலும் இரண்டு பெண்கள்: பெற்றவளும், அவளுடைய உம்மாவோ அம்மையோ.

இந்தப் பயணத்தின் கணக்கைக் கிலோமீட்டரில் போடக்கூடாது. பிள்ளையின் பசியில் போட வேண்டும். பால்குடிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும்; அதாவது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. தேங்காய்ப்பட்டணத்தில் பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் மாறி, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் தாண்டித் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்குவதற்குள் முதல் பசி வந்துவிடும். பிறகு ஓ.பி. சீட்டு, டாக்டர் அறை வாசல், ஸ்கேன், மருந்துக் கடை, திரும்பும் வழி. கூட்டிப் பார்த்தால் வீட்டுக்கு வெளியே மூன்று, நான்கு தடவையாவது பிள்ளை அழும். அத்தனை தடவையும் அந்தத் தாய் எங்கே போய் உட்காருவாள்?

புறப்படும் வீட்டில் அந்தப் பையைப் பார்க்க வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணி ஒரு கட்டு, துவர்த்து என்கிற துண்டு ஒன்று, உருக்கெண்ணெய்க் குப்பி, தடுப்பூசி அட்டை, மேலே ஒரு பிளாஸ்க் வெந்நீர். அந்த வெந்நீரில்தான் தகராறே தொடங்கும். வெயிலில் போகிற பிள்ளைக்குத் தொண்டை வறளும், இரண்டு சொட்டுக் கொடு என்பார் பாட்டி. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்ப்பாலிலேயே பெரும்பங்கு, ஏறக்குறைய 88 விழுக்காடு, தண்ணீர்தான். வெயில் கூடினால் இன்னும் ஒரு தடவை பால் கொடுத்தால் போதும்.

ஆனால் பாட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மறைவாக உட்கார இடமில்லாத வழியில், அழுகையை அமர்த்த அவருக்குக் கிடைத்த ஒரே கருவி அந்த பிளாஸ்க். தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் பால் பாட்டிலும் குழந்தையின் வாய்க்குள் போவது பல நேரம் இப்படித்தான். பால் மாவையும் பாட்டிலையும் விளம்பரப்படுத்தக்கூடாது என்று இந்தியாவில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. விளம்பரத்தைத் தடுத்த சட்டத்தால் பேருந்து நிலையத்தில் ஒரு கதவைப் போட முடியவில்லை.

உடை மாறியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேலை கட்டிய தலைமுறை, ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுப் பஸ்ஸிலேயே பால் கொடுத்தது. இன்றைய இளம் தாய் சுரிதாரில் வருகிறாள். அதில் அந்த மறைவு கிடையாது. வீட்டில் பீடிங் நைட்டி கைகொடுக்கும். பஸ்ஸில் அவளுக்கு இருப்பது ஒரு துப்பட்டாவும், எதிர் இருக்கைக்காரரின் கண்ணியமும் மட்டும்.

தமிழ்நாடு இதை யோசிக்காத மாநிலமும் இல்லை. 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, பேருந்து நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகளை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். நாட்டுக்கே முன்மாதிரியான காரியம் அது. பின்னர் வந்த ஆண்டுகளில் அந்த அறைகளைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகள் வேறு மாதிரி இருந்தன: பூட்டிக் கிடக்கிறது, மின்விசிறி ஓடவில்லை, துடைப்பமும் வாளியும் போட்டு வைத்திருக்கிறார்கள், சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. திறப்பு விழாவுக்கு இருந்த ஆள், தினமும் பெருக்குவதற்கு இல்லாமல் போனார்.

பேருந்துக் கட்டணத்திலும் அரசு கை கொடுத்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துகளில் 5 வயதுவரை குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லை என்று 2022இல் அறிவித்தார்கள். இரண்டும் ஏழைத் தாய்க்குப் பெரிய உதவி. பயணம் இலவசமானதால் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் கூடுவார்கள்; அவர்களுக்கான இருக்கையும் அறையும் அதே வேகத்தில் கூடியிருக்க வேண்டும். ரயில்வேயில் 2022 மே மாதம் லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில், கீழ்ப் படுக்கையோடு ஒட்டி மடக்கி விரிக்கும் குழந்தைப் படுக்கையைப் பொருத்திப் பார்த்தார்கள். இரவு ரயிலில் சென்னைக்குப் போகும் குமரி மாவட்டத் தாய், பிள்ளையை உள்பக்கம் கிடத்திவிட்டு விளிம்பில் ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு பலகையின் அருமை புரியும்.

இது உரிமை வழக்காகவும் ஆகியிருக்கிறது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொது இடங்களில் பாலூட்டும் அறை கேட்டு ஒரு மனு வந்தது. மனுதாரருக்கு வயது ஒன்பது மாதம். அதே ஆண்டு கேரளத்தில் ‘கிருகலட்சுமி’ இதழ் பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையில் போட, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய்த் தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில், பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக்கூடாது என்று சொன்னதோடு, பொதுக் கட்டடங்களில் இந்த வசதியைச் செய்து கொடுக்க மாநிலங்களுக்கு நினைவூட்டும்படி ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. ஆக, சட்டம் தாயின் பக்கம் நிற்கிறது. அறைக் கதவுதான் இன்னும் திறக்கவில்லை.

பஸ்ஸின் நெரிசலுக்குப் பயந்தவர்கள் பைக்கில் போகிறார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் துவர்த்தில் சுற்றிய பிள்ளை, தேசிய நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் லாரி. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதி, 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இருசக்கர வாகனத்தில் கொண்டுபோனால் பாதுகாப்புப் பட்டை வேண்டும், 9 மாதத்துக்கு மேல் ஹெல்மெட் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. கழுத்து நிற்காத குழந்தைக்கு எந்தப் பட்டையும் காவலாகாது. அந்த வயதில் பைக் வேண்டவே வேண்டாம். இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

குடும்பங்களும் ஒன்றை யோசிக்கலாம். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அதற்கு நகரம் தேவையில்லை. அவை போட்டு முடியும் முன் ஜவுளிக்கடைக் கூட்டத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கோ வளைகுடாக்காரரைப் பார்க்கப் போகிறவளுக்கோ அந்தத் தேர்வு கிடையாது. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாய் என்று அவளைக் கேட்கிறவர்கள், அதே குரலில் போக்குவரத்துக் கழகத்தையும் நகராட்சியையும் கேட்க வேண்டும்.

கேட்பதும் பெரிதாக எதுவுமில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளை, நாகர்கோவில் நிலையங்களில் பாலூட்டும் அறையின் சாவி டைம் கீப்பரிடம் இருக்க வேண்டும். முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ்வரை அறை திறந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, மின்விசிறி, துணி மாற்ற ஒரு மேசை, கை கழுவத் தண்ணீர். எல்லைப் பகுதி என்பதால் பலகை தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையைக் கைக்குழந்தைக்காரிக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லும் பொறுப்பு நடத்துநருடையதாகட்டும். வரும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் விழிப்புணர்வுப் பேரணிக்குக் கொடியசைக்கும் அதிகாரிகள், அன்றைக்கே மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்கும் ஒரு நடை போய், அந்த அறைக் கதவைத் தாங்களே தள்ளிப் பார்க்கலாம்.