தலைவர் விலகிய மறுநாள்

தோட்டக் கமிட்டிகளைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. லயத்திலும் பிரட்டுக்களத்திலும் இப்போது ஒரே பேச்சுத்தான்: "பழைய தலைவரே இருக்கட்டும். அவரை விட்டா வேற யாரு இருக்கா?"

பல வருடம் நமக்காக ஓடித்திரிந்தவர் மீது உள்ள நன்றியில் வரும் வார்த்தை அது. அந்த நன்றியை நாம் மதிக்கிறோம். ஆனால் வேறு ஆளே இல்லை என்பது உண்மையானால், அதைக் கேட்டு அந்தத் தலைவரும் கவலைப்பட வேண்டும், நாமும் கவலைப்பட வேண்டும். ஆகவே, தான் கட்டிய சங்கத்தின் பொறுப்பைத் தானாகவே கைமாற்றிக் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி இவ்விதழில் சொல்ல விரும்புகிறோம்.

இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், அகமதாபாத் நகரத்தைச் சேர்ந்தவர் இலா பட். சட்டம் படித்தவர். 1955ஆம் ஆண்டு அங்குள்ள பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் அதன் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பானார். ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது. ஆனால் துணிச்சந்தையில் தலைச்சுமையாகப் பொதி தூக்கும் பெண்களுக்கும், தெருவில் காய்கறி விற்கும் பெண்களுக்கும், வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களுக்கும் யாரும் இல்லை. பொதி தூக்கும் பெண்ணுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. பாரம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்ற கணக்கே கிடையாது. தராசில் கொழுந்து கழிபடுவதைத் தினமும் பார்க்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இலா பட் இந்த அநியாயத்தைப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் மறுத்தார்கள். தாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம் என்று அவர்களும் பத்திரிகையில் சொன்னார்கள். இலா பட் அந்த மறுப்பையே சிறு அட்டைகளில் அச்சடித்துப் பெண்களிடம் கொடுத்தார். "நீங்களே சொன்ன கூலி இதுதானே, கொடுங்கள்" என்று அட்டையை நீட்டிக் கேட்க அந்தப் பெண்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

1972ஆம் ஆண்டு இந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுதான் 'சேவா' எனப்படும் சுயதொழில் பெண்கள் சங்கம். முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று பதிவு அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். சங்கம் என்பது தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்கு, எதிரே முதலாளி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று வாதாடித்தான் பதிவு பெற்றார்கள். 1974ஆம் ஆண்டு 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா போட்டுத் தங்களுக்கென்று வங்கியும் தொடங்கினார்கள். பதிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெண்களுக்கு எழுதத் தெரியாது. அவர்களுக்காக இலா பட் கையெழுத்துப் போடவில்லை. இரவிரவாக உட்கார்ந்து தங்கள் பெயரை எழுத அவர்களைப் பழக்கினார்.

1981ஆம் ஆண்டு பெரிய சோதனை வந்தது. தலித் மாணவர்களுக்கான இடஒதுக்கீட்டை எதிர்த்து குஜராத்தில் கலவரம் நடந்தது. சேவா தலித் மக்களின் பக்கம் நின்றது. அதைத் தொடர்ந்து தாய்ச்சங்கம் சேவாவை வெளியேற்றியது. ஆனாலும் சேவா கலைந்து போகவில்லை. அது யாருடைய தயவிலும் நிற்கவில்லை, உறுப்பினர்களின் சந்தாவிலும் உழைப்பிலும் நின்றது.

1996ஆம் ஆண்டு இலா பட் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து விலகினார். அப்போது சங்கம் தோற்றுப் போயிருக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான சர்வதேச உடன்படிக்கையை சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றியதும் அதே 1996இல்தான். அதற்காக உழைத்தவர்களில் சேவா முன்னணியில் நின்றது. அப்படி நல்ல நிலையில் இருக்கும்போதுதான் அவர் பொறுப்பை விட்டார்.

விட்ட பிறகு என்ன நடந்தது? சங்கம் வளர்ந்தது. இன்று அதன் உறுப்பினர் தொகை இருபது இலட்சத்துக்கும் மேல். நமது நாட்டில் யுத்தம் முடிந்த பிறகு, கணவனை இழந்த மட்டக்களப்புப் பெண்களுக்குத் தொழில் பழக்க வந்ததும் இதே சங்கம்தான். புகையிலைத் தொழிலாளர் மத்தியிலிருந்து வந்த ஜோதி மக்வான் என்ற பெண் பிற்காலத்தில் பொதுச்செயலாளர் ஆனார். 2022 நவம்பரில் இலா பட் காலமானபோது சங்கத்தினர் அழுதார்கள். ஆனால் இனி யார் நடத்துவது என்று திகைத்து நிற்கவில்லை.

இது ஒரே நாளில் வந்த நிலைமை அல்ல. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், நிர்வாகக் குழுவில் தொழிலாளர்களுக்கே பெரும்பான்மை என்று ஒழுங்கு வைத்துப் பல வருடம் ஆட்களைப் பழக்கினார்கள். அப்படியிருந்தும் படித்த பெண்களே முக்கிய பதவிகளில் நெடுங்காலம் இருந்தார்கள். பதவியை விட்ட பிறகும் இலா பட் ஆலோசனை சொல்ல அருகிலேயே இருந்தார்.

இனி நம் மலைக்கு வருவோம். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்த காலம் முதல், நமது தலைவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களுக்கு, நிலைத்து நிற்கும் தலைமை தேவைப்பட்டது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1999இல் மறையும் வரை தலைமையில் இருந்தார். அந்தக் காலத்தின் தேவையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தலைவர் என்றால் சாகும்வரை தலைவர் என்ற பழக்கம், தோட்டக் கமிட்டி வரை நமக்குப் படிந்துவிட்டது.

அதன் விளைவை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒரு தோட்டத்தில் தலைவர் திடீரென இறந்துபோனார். நல்ல மனிதர். பெட்டி நிறைய மற்றவர்களின் கடிதங்கள். சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் யார் யாருக்கு என்ன எழுதினார், என்ன பதில் வந்தது என்பது அவர் மனதில் மட்டுமே இருந்தது. ஓய்வு பெற்ற ஓர் அம்மா தன் பணத்துக்காக முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தா அவர்கள் சம்பளத்திலும் பிடிக்கப்படுகிறது. ஆனால் துரையோடு பேச ஆபிசுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள்? மாதர் சங்கத் தலைவி என்று பெயர் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் தேநீர் ஊற்ற மட்டும் கூப்பிடுவதை எத்தனை காலம் நடத்துவது?

ஆகவே இம்முறை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிடமும் நாம் கேட்பவை சில. ஒவ்வொரு டிவிஷனிலும் தலைவரோடு சேர்ந்து பழக ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும் வேண்டும். துரையோடு நடக்கும் பேச்சுவார்த்தைக்கும் அவர்கள் போக வேண்டும். எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதி சங்கக் காரியாலயத்தில் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். விலகும் தலைவருக்கு மாலை போடுங்கள், மனதார நன்றி சொல்லுங்கள். புதியவர் வேலை பழகும் வரை அவர் பக்கத்தில் இருக்கும்படியும் கேளுங்கள்.

இது தோட்டத் தலைவர்களுக்கு மட்டும் சொல்லும் புத்தி அல்ல. மாவட்டப் பொறுப்பில் இருக்கும் எங்களுக்கும் இது பொருந்தும். எங்களில் சிலர் ஆசிரியர்கள். மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு உடனே எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அது உதவிதான். ஆனால் அடுத்த முறையும் அவர் எங்களிடமே வர வேண்டியிருக்கிறது. இனிமேல் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையாலேயே எழுதப் பழக்குவோம். நேரம் கூடத்தான் எடுக்கும். என்றாலும் நாங்கள் இல்லாத நாளிலும் அந்த மனு எழுதப்படும்.

தோழர்களே, சகோதரிகளே, கமிட்டிக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். "வேற யாரு இருக்கா?" என்று யாராவது கேட்டால், பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவளின் பெயரைச் சொல்லுங்கள்.