காசாக மாறாத மனிதர்கள்

திரையில் ஒருவனுக்கு ஓங்கி ஓர் அடி விழுகிறது. அவன் தரையில் விழவில்லை. கலகலவென்ற ஓசையுடன் சில்லறைக் காசுகளாகச் சிதறிப்போகிறான். வென்றவன் அந்தக் காசுகளைப் பார்க்கிறான். வீட்டிற்குத் திரும்பப் பேருந்துக் கட்டணத்திற்குக்கூட அவை போதவில்லை என்று தெரிந்ததும் அலுத்துக்கொள்கிறான். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்காட் பில்கிரிம் வெர்சஸ் தி வேர்ல்ட்’ என்னும் ஆங்கிலப் படத்தில் இப்படி ஒரு காட்சி வருகிறது. பதின்ம வயதினர் இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார்கள். பக்கத்தில் தாத்தா அமர்ந்திருந்தால்? “இதெல்லாம் ஒரு படமா?” என்று அவர் எழுந்து போய்விடுவார் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

அப்படி நினைப்பது சரியன்று. இந்தப் படத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளும் தகுதி மூத்தோருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

கதை எளிமையானது. கனடாவின் டொரொண்டோ நகரில் வாழும் ஸ்காட் இருபத்திரண்டு வயது இளைஞன். நிலையான வேலை இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைக்குழுவில் கித்தார் வாசிக்கிறான். ரமோனா என்னும் பெண்ணைக் கண்டதும் அவள்மேல் காதல் கொள்கிறான். ஆனால், அவளை முன்பு காதலித்த எழுவரையும் வென்றால்தான் அவளோடு பழக முடியும். பிரையன் லீ ஒ’மாலி 2004 முதல் 2010 வரை ஆறு தொகுதிகளாக வரைந்து எழுதிய படக்கதையை எட்கர் ரைட் இயக்கியிருக்கிறார். பல ஹாலிவுட் படங்களில் நியூயார்க்காக வேடமிடும் டொரொண்டோ, இதில் தன் சொந்தப் பெயரோடும் பனி மூடிய தெருக்களோடும் வருவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

ஒவ்வொரு சண்டையும் காணொளி விளையாட்டின் ஒரு கட்டம்போல அமைந்திருக்கிறது. எதிரியின் பெயர் திரையில் பளிச்சிடும். வென்றால் புள்ளிகள் ஏறும். படத்தின் தொடக்கத்தில் வரும் நிறுவனச் சின்னம்கூடப் பழைய விளையாட்டுப் பெட்டிகளில் தெரிந்ததுபோலக் கட்டம் கட்டமாக உடைந்து காட்சியளிக்கும். ‘இது முழுக்க முழுக்க இளையர்களின் உலகம்’ என்று தோன்றலாம். ஆனால், இவை யாருடைய விளையாட்டுகள்? ‘பேக்மேன்’ 1980இல் வந்தது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985இல் வந்தது. படத்தில் ஓரிடத்தில் ஒலிக்கும் இசை ‘செல்டா’ விளையாட்டுக்கு உரியது. அதன் முதல் பதிப்பு 1986இல் வெளியானது. 1985இல் பன்னிரண்டு வயதாக இருந்த சிறுவன் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டான். இன்றைய இளையர் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகள் இவை அல்ல. படம் கொண்டாடுவது அப்பாக்களின் சிறுவயதைத்தான்.

விளையாட்டுக் கூடங்களில் பொழுதைக் கழித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். அங்கே உயிர் இலவசமாகக் கிடைக்கவில்லை. காசு போட்டால் ஆட்டம் தொடங்கும். கொடுத்த உயிர்கள் தீர்ந்தவுடன் திரையில் எண்கள் குறையத் தொடங்கும். அவை முடிவதற்குள் இன்னொரு காசைப் போட வேண்டும். சட்டைப் பையைத் துழாவி, காசில்லாமல், பின்னால் நிற்பவனுக்கு இடம்விட்டு விலகிய அனுபவம் பலருக்கு உண்டு. தோற்றவனிடமிருந்து காசு கொட்டும் காட்சி அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அதே வேளையில் கொஞ்சம் பொய்யாகவும் தோன்றும்.

அந்தப் பொய்தான் இந்தப் படத்தின் உண்மையான சிக்கல்.

ஸ்காட் வீழ்த்தும் எதிரிகள் பலரும் காசாகிவிடுகிறார்கள். உடலும் இல்லை, அழுகையும் இல்லை. அவர்களுக்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால், எந்தச் சண்டையும் இல்லாமல் அவன் ஒருத்தியைக் காயப்படுத்துகிறான். அவள் பெயர் நைவ்ஸ். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பதினேழு வயதுப் பெண். ரமோனாவைச் சந்திப்பதற்கு முன்பே ஸ்காட் அவளோடு பழகிக்கொண்டிருக்கிறான். பள்ளி மாணவியோடு பழகுவது முறையா என்று அவனுடைய நண்பர்களும் தங்கையும் கேட்கிறார்கள்; அவன் காதில் வாங்குவதில்லை. ரமோனா வந்த பிறகு இருவரிடமும் உண்மையைச் சொல்லாமல் நாளைக் கடத்துகிறான். கடைசியில் அறைத்தோழன் கண்டித்த பிறகே, இசைத்தட்டுக் கடையில் நின்றபடி, ஏதோ இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல நைவ்ஸிடம் பிரிவைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அடுத்த கணமே அவன் மனம் ரமோனாவிடம் பறந்துவிடுகிறது.

நைவ்ஸ் என்ன செய்கிறாள்? தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கிறாள். ரமோனா தலைமுடிக்கு நிறம் பூசுபவள் என்பதால் தானும் நிறம் பூசிக்கொள்கிறாள். ஒரு காட்சியில் எதிரி ஒருவன் நைவ்ஸைக் குத்துகிறான். குத்திய வேகத்தில் முடியில் இருந்த நிறம் மட்டும் பறந்துபோகிறது. படத்திலேயே பெரிய சிரிப்பை வரவழைக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. நகைச்சுவை என்ற அளவில் இயக்குநர் அதை மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறார் என்பதை மறுக்க முடியாது. ஆனால், வாழ்க்கையில் சிறிது தூரம் நடந்து வந்த ஒருவர் அங்கே சிரித்த பிறகு சற்று அமைதியாகிவிடுவார். யாரோ ஒருவருக்காகத் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, ஊர் முன்னிலையில் அவமானப்பட்ட ஒரு வகுப்புத் தோழியின் முகம் அவருக்கு நினைவில் வரக்கூடும். அந்தத் தோழி காசாக மாறி மறைந்துவிடவில்லை. மறுநாளும் அதே இருக்கையில் வந்து அமர்ந்திருப்பாள்.

படத்தை எடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இறுதிச் சண்டையில் ஸ்காட் ரமோனாமேல் உள்ள காதலை அறிவிக்கிறான். உடனே அவன் மார்பிலிருந்து ஒரு வாள் வெளிப்படுகிறது. காதலின் ஆற்றல் கிடைத்துவிட்டதாக அறிவிப்பும் வருகிறது. வேறு படமாக இருந்தால் அத்தோடு வெற்றி கிட்டியிருக்கும். இங்கே அந்த வாள் போதவில்லை. அவன் கொல்லப்படுகிறான். முந்தைய கட்டத்தில் சேர்த்துவைத்த ஓர் உயிர் கையிருப்பில் இருப்பதால் அதே இடத்திற்கு மீண்டும் வருகிறான். இம்முறை, தன்னுடைய சுயமரியாதைக்காகப் போராட வந்திருப்பதாகச் சொல்கிறான். முன்னதைவிட வலிமையான வாள் கிடைக்கிறது. முன்பு காதலித்துக் கைவிட்ட கிம்மிடம் மன்னிப்புக் கேட்கிறான். நைவ்ஸிடமும் ரமோனாவிடமும் தான் ஏமாற்றியதை ஒப்புக்கொள்கிறான்.

காதலைக் காட்டிலும் சுயமரியாதையை மேலே வைக்கும் காதல் படங்கள் குறைவு. தவற்றை ஒப்புக்கொள்வதையே சுயமரியாதையின் அடையாளமாகக் காட்டும் படங்கள் அதைவிடக் குறைவு. இந்த ஒரு காரணத்திற்காகவே படத்தைப் பாராட்டலாம்.

ஆயினும், அந்த மன்னிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? ஒன்றிரண்டு வாக்கியங்கள்தான். சண்டைகளுக்கு நிமிடக் கணக்கில் நேரம் ஒதுக்கிய படம், மன்னிப்பிற்கு விநாடிகளையே ஒதுக்குகிறது. மேலும், ஸ்காட்டுக்கு அங்கே ஒரு மறு உயிர் இருந்தது. முதல் முயற்சியில் யார் என்ன சொல்வார்கள், எங்கிருந்து அடி விழும் என்றெல்லாம் அறிந்துகொண்டு, இரண்டாம் முறை சரியான சொற்களோடு வருகிறான். அந்த வசதி யாருக்குக் கிடைக்கும்? பத்தாண்டுகளுக்கு முன்பு நண்பனிடம் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லை நினைத்துத் தூக்கம் கலைந்து எழுபவர், இந்தக் காட்சியைப் பொறாமையோடுதான் பார்ப்பார். இளையருக்கு மறு உயிர் என்பது விளையாட்டு விதி. மூத்தோருக்கோ அது நிறைவேறாத ஆசை.

ரமோனாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்காகப் பல சண்டைகள் நடக்கின்றன. அவளுடைய விருப்பம் என்ன என்று கேட்பதற்குப் படத்திற்குப் பொறுமை இல்லை. விளையாட்டின் முடிவில் கிடைக்கும் பரிசாக அவள் நின்றுவிடுகிறாள். ‘இது விளையாட்டைப் போல எடுத்த படம், அப்படித்தான் இருக்கும்’ என்று சிலர் வாதிடலாம். நைவ்ஸை இவ்வளவு உயிரோட்டத்துடன் படைத்தவர்களால் ரமோனாவையும் அப்படிப் படைத்திருக்க முடியாதா?

திரையரங்குகளில் ஓடியபோது இந்தப் படம் செலவழித்த பணத்தைக்கூட ஈட்டவில்லை. பின்னர் வீடுகளில் பார்த்தவர்கள்தாம் அதைத் தேடித் தேடிக் கொண்டாடினார்கள். அன்று இருபது வயதில் பார்த்தவர்கள் இன்று மீண்டும் பார்த்தால், சண்டைகளைவிட வேறு சில காட்சிகள் அவர்களைப் பிடித்து நிறுத்தலாம்.

படத்தின் தொடக்கத்தில் ஸ்காட்டும் நைவ்ஸும் ஒரு விளையாட்டுக் கூடத்தில் இணைந்து ஆடுவார்கள். இறுதிச் சண்டையில் அதே ஒத்திசைவோடு இருவரும் சேர்ந்துதான் எதிரியை வீழ்த்துகிறார்கள். எல்லாம் முடிந்தபின் ரமோனா புறப்படுகிறாள். ஸ்காட் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். அவள் பின்னால் போகும்படி அவனிடம் சொல்பவள் நைவ்ஸ்தான். அவனுக்குத் தான் சற்று அதிகம் என்றும் புன்னகையோடு சொல்லிவிடுகிறாள். அவளுக்கு வாளும் கிடைக்கவில்லை, மறு உயிரும் கிடைக்கவில்லை. ஸ்காட்டும் ரமோனாவும் கைகோத்துப் பனியில் நடந்து போகிறார்கள். இளையரின் கண்கள் அவர்களைப் பின்தொடரும். மூத்தோர், நின்ற இடத்திலேயே நிற்கும் அந்தப் பள்ளி மாணவியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.