கொஞ்ச அதிகாரம், பெரிய காரியம்!

பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த சென்னைச் சட்டசபை

தேர்தல் நாள். காலை ஏழு மணிக்கே ஓட்டுச் சாவடியில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கல்லூரி மாணவி நிற்கிறாள். தள்ளாத வயதுப் பாட்டி நிற்கிறாள். நாற்று நடப் போகிறவள், போகிற வழியில் வந்து நிற்கிறாள்.

இதை இன்று யாரும் அதிசயமாகப் பார்ப்பது இல்லை.

ஆனால், 1920-ம் ஆண்டு நடந்த சென்னைச் சட்டசபைத் தேர்தலில் ஒரு பெண்கூட ஓட்டுப் போட முடியவில்லை. சொந்தத்தில் நிலம் உள்ளவள் ஆனாலும் சரி, டாக்டருக்குப் படித்தவள் ஆனாலும் சரி. பெண் என்றால் ஓட்டு இல்லை!

அந்தத் தடையை உடைத்தது, அந்தத் தேர்தலில் உண்டான சட்டசபைதான். 1920 முதல் 1923 வரை அது இருந்தது. "ஒன்றுக்கும் உதவாத சபை" என்று அந்த நாளிலேயே பலர் அதைக் குறை கூறினார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியைத்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இரட்டை ஆட்சி

வெள்ளைக்காரர்கள் 1919-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அதன்படி மாகாண ஆட்சி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கல்வி, சுகாதாரம், விவசாயம், கைத்தொழில், நகரசபை, ஜில்லா போர்டு ஆகியவை மந்திரிகளுக்கு. போலீஸ், நீதி, நிலவரி, நிதி ஆகியவை கவர்னருக்கும் அவருடைய நிர்வாக சபைக்கும்.

வீட்டில் சமையல் பொறுப்பு மருமகளுக்கு; பணப்பெட்டிச் சாவி மாமியாருக்கு என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்த ஆட்சி. பள்ளிக்கூடம் கட்ட மந்திரி ஆசைப்படலாம். ஆனால், பணத்துக்கு அடுத்த அறைக் கதவைத் தட்ட வேண்டும்.

ஓட்டு உரிமையும் அப்படித்தான். அன்றைய சென்னை மாகாணம் மிகப் பெரியது. ஆந்திரக் கடற்கரையும், ராயலசீமையும், மலபாரும் அதில் சேர்ந்திருந்தன. ஜனத்தொகை 4 கோடிக்கு மேல். ஓட்டு இருந்ததோ சுமார் 12½ லட்சம் பேருக்குத்தான். நிலமோ வரியோ இருந்தால்தான் ஓட்டு!

காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஓட்டு இருந்தவர்களிலும் சுமார் கால்வாசிப் பேர்தான் சாவடிக்குப் போனார்கள். தேர்தல் நடந்த 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி பிடித்தது. ஏ.சுப்பராயலு ரெட்டியார் முதன் மந்திரி ஆனார். உடல் நலம் குன்றியதால் அவர் விலகினார். 1921 ஜூலையில் பனகல் அரசர் அந்தப் பதவிக்கு வந்தார்.

நழுவிய லண்டன்

பெண்கள் ஓட்டு உரிமை கேட்டது அதற்கு முன்பே. 1917 டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, பெண்கள் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் கவிக்குயில் சரோஜினி நாயுடு. அதைத் திரட்டியவர் அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார்.

ஆனால், ஓட்டுரிமை பற்றி ஆராய்ந்த கமிட்டி, "இந்தியாவில் இதற்குக் காலம் வரவில்லை" என்றது. லண்டன் பார்லிமெண்டும் பொறுப்பைத் தட்டிக் கழித்தது. "வேண்டுமானால் அந்தந்த மாகாணச் சட்டசபையே தீர்மானித்துக் கொள்ளட்டும்" என்று விட்டுவிட்டது.

சென்னைச் சபை அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது. 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் சபையைத் தொடங்கி வைத்தார். அதே ஏப்ரலில், பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கக் கூடாது என்று சபை தீர்மானம் செய்துவிட்டது. ஆங்கிலேயர் ஆண்ட மாகாணங்களில் இதை முதலில் செய்தது சென்னைதான்! பம்பாய் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது. வங்காளத்தில் இது நடக்க 1925 ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சபையில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களும் ஆண்கள். பெண்களுக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர்கள் பதவி போயிருக்காது. இருந்தும் செய்தார்கள்.

"எத்தனை பெண்களுக்கு?"

"சொத்து இருந்தால்தானே ஓட்டு? எத்தனை பெண்கள் பேரில் சொத்து இருந்தது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். களை பறிக்கிறவளுக்கும், ஆலைத் தொழிலாளி மனைவிக்கும் 1921-ல் ஓட்டுக் கிடைக்கவில்லை. ஓட்டுப் போடலாமே தவிர, பெண் சபையில் உட்காரவும் முடியாது. அந்த விதியை மாற்றும் அதிகாரம் அன்று சபையிடம் இல்லை.

ஆனால், சிறிது திறந்த கதவு பிறகு மூடவில்லை. 1926-ல் பெண்கள் தேர்தலில் நிற்க வழி பிறந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயா நின்று, சொற்ப ஓட்டில் தோற்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சபைக்கு வந்தார். சபையின் உபதலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் குரல் கொடுத்தது அங்கேதான். சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் வந்தது.

அதே முதல் சபைதான் 1922-ல், பழைய இழிபெயர்களை விட்டு "ஆதி திராவிடர்" என்று அழைக்க வேண்டும் என்ற தீர்மானத்தையும் ஏற்றது. கொண்டு வந்தவர் எம்.சி.ராஜா. இந்த இரண்டு காரியத்துக்கும் கஜானாச் சாவி தேவைப்படவில்லை. மனம்தான் தேவைப்பட்டது.

"என் கையில் என்ன இருக்கிறது?"

பஞ்சாயத்து உறுப்பினர் முதல் பெரிய பதவியில் இருப்பவர் வரை, இன்றும் அடிக்கடி சொல்லும் சமாதானம் இது: "என் கையில் என்ன இருக்கிறது? மேலே இருப்பவர்கள் விடவில்லை." அந்தச் சபையும் இப்படிச் சொல்லிவிட்டு மூன்று ஆண்டுகளைக் கழித்திருக்கலாம். சொன்னால் ஊரும் நம்பியிருக்கும்.

ஒருவரிடம் இல்லாத அதிகாரத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. இருந்த அதிகாரத்தை என்ன செய்தார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் அல்ல. "என் ஒரு ஓட்டால் என்ன ஆகப் போகிறது?" என்று தேர்தல் அன்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் சொல்வதும் அதே சமாதானம்தான். "அவர் சொல்கிற சின்னத்தில் போட்டுவிட்டு வருகிறேன்" என்று கிளம்பும் பெண்ணும், தனக்குக் கிடைத்ததைக் கணவன் கையில் கொடுத்துவிட்டே கிளம்புகிறாள்.

பாட்டி காலத்தில் கேட்டும் கிடைக்காத ஓட்டு அது. யாருக்குப் போடுவது என்பதை அவளே யோசித்து முடிவு செய்யட்டும்!