உம்மாவின் கைகளுக்கு ஒரு துணை



அந்தி நேரமானதும் வயது முதிர்ந்த உம்மா எழுந்து வாசலுக்குப் போகிறார். "புள்ள எங்க? வீட்ட போகணும்" என்கிறார். அந்தப் பிள்ளை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போய்விட்டது. அந்த வீடும் இல்லை. மகள் என்ன பதில் சொல்வாள்?

டிமென்சியா எனப்படும் மறதி நோய் வந்தவருக்குப் பெரும்பாலும் அண்மைக்கால ஞாபகங்களே முதலில் அழிகின்றன. பழைய ஞாபகங்கள் நீண்ட காலம் நிற்கின்றன. அதனால்தான் யுத்தத்திலும் சுனாமியிலும் இழந்தவர்களை அவர் உயிரோடு தேடுகிறார். "புள்ள மௌத்தாகிப் போச்சே உம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கேட்டதுபோல் அழுவார். அவரோடு வாதாடாதீர்கள். "புள்ளைட ஞாபகமா உம்மா? எப்படிப்பட்ட புள்ள?" என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். சொல்லச் சொல்ல மனம் ஆறும்.

பதற்றம் கூடும்போது கைகள் சும்மா இருக்காது. சீலைத் தலைப்பைப் பிய்க்கும், பாயைச் சுரண்டும். அந்தக் கைகளுக்கு மென்மையான ஒன்றைக் கொடுப்பது வெளிநாட்டு முதியோர் இல்லங்களில் உள்ள வழக்கம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் முதியோர் இல்லங்களில் பொம்மைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. பலரில் பதற்றம் குறைந்ததாக அது கூறியது. இது நோயைச் சுகப்படுத்தாது. எல்லோருக்கும் பொருந்தவும் மாட்டாது.

இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மருதமுனைக் கைத்தறியின் வெட்டுத் துண்டும், பழைய சாரமும், இலவம் பஞ்சும் போதும். பிறந்த குழந்தையின் நீளத்துக்குத் தையுங்கள். பொத்தான், மணி எதுவும் வேண்டாம், கழன்றால் விழுங்கிவிடுவார். கண் வைப்பதானால் திறந்த கண்ணாக வையுங்கள். மூடிய கண்ணைக் கண்டு, குழந்தை இறந்துவிட்டதாகச் சிலர் பயப்படுவார்கள். உருவம் வைக்கத் தயங்கும் வீடுகளில் சிறு தலையணையே போதும்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குக் குழந்தைப் பொம்மை பழைய புண்ணைக் கிளறக்கூடும். அவருக்கு இரு கைகளையும் நுழைக்கக்கூடிய துணிக்குழல் ஒன்றைத் தையுங்கள். உள்ளே ஒரு பக்கம் துவாய்த் துணி, மறுபக்கம் வழுவழுப்பான பட்டுத் துணி, நடுவில் உறுதியாகத் தைத்த நாடா. கைகள் அதைத் தடவிக்கொண்டிருக்கும்.

எதையும் மடியில் திணிக்காதீர்கள். பக்கத்தில் வையுங்கள், விரும்பினால் அவரே எடுப்பார். "இது உங்கட புள்ளதான்" என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர் பிள்ளை என்றால் மறுக்கவும் வேண்டாம். கையிலிருந்து பறிக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் கேலி செய்ய விடாதீர்கள். பொம்மைக்குச் சோறூட்ட வேண்டுமென்று தன் சாப்பாட்டை விட்டாலோ, அதைக் கண்டு கலங்கினாலோ, மெதுவாக அப்புறப்படுத்துங்கள்.

தடுமாற்றம் திடீரென்று வந்தால் அதை மறதி நோய் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சீனி குறைதல், உடலில் நீர் வற்றுதல் ஆகியவற்றாலும் அப்படி நடக்கும். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மறதி நோயுள்ளவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் உதவ, லங்கா அல்சைமர் மன்றம் 2001இல் கொழும்பில் தொடங்கப்பட்டது.

நமது பகுதியில் வீடு மகளுக்கு. ஆகவே உம்மாவும் மகளின் பொறுப்பு. கணவனை இழந்து, தனியே உழைத்து, உம்மாவையும் பார்க்கும் சகோதரிகள் நம்மிடையே உள்ளனர். உம்மா தேடும் அந்தப் பிள்ளை உங்கள் தம்பியாகவும் இருக்கலாம். அந்தத் துக்கம் உங்களுக்கும் உண்டு. நாளுக்கு ஒரு மணித்தியாலம் உம்மாவோடு இருக்கும்படி ராத்தாவிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அந்த ஒரு மணித்தியாலம் நீங்கள் படுத்து எழும்புங்கள்.