மொட்டைப் பனையும் நிற்கட்டும்



மழை தொடங்கினால் ஊர் ஊராகப் பனங்கொட்டை ஊன்றுகிறோம். யுத்தத்தில் ஷெல்லுக்கும் பதுங்குகுழிக்கும் இழந்த பனைகள் கொஞ்சமல்ல, நல்ல வேலைதான். ஆனால் துப்புரவு என்று சொல்லிக் காவோலை முழுவதையும் வெட்டி இறக்குகிறோம். மொட்டைப் பனையைப் "பட்டது தானே" என்று தறிக்கிறோம்.

நமது பனங்கூடல்களில் பெரும்பாலானவை முன்னோர் ஊன்றி வளர்த்த காடுகள். நுங்கு, பினாட்டு, ஒடியல், வேலிக்கு ஓலை, கூரைக்குச் சிலாகை என்று அவற்றின் பெறுமதி நமக்கு நன்றாகத் தெரியும். அங்கே குடியிருக்கும் உயிர்களை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. பனை உழவாரன் தன் கூட்டை ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் ஒட்டுகிறது. மொட்டைப் பனையில் மரங்கொத்தி குடைந்த பொந்தில் பிறகு கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கின்றன. இன்று ஊன்றும் கொட்டை வடலியாகிக் காய்க்கவே 15, 20 வருடம் செல்லும். அதுவரை அவை எங்கே போகும்?

வீட்டோரக் காவோலையால் நெருப்புப் பயமும் பாம்புப் பயமும் உண்டு. அங்கே வெட்டுவோம். வயல் கரையிலும் கூடலின் நடுவிலும் விட்டுவைக்கலாமே.

நட்ட மரத்தில் ஒரு பறவை உண்டாலும் அது நட்டவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உண்ண விடுவதே தர்மம் என்றால், குடியிருக்க விடுவதும் தர்மம்தானே?

அடுத்த முறை கொட்டை ஊன்றப் போகும்போது, பிள்ளைகளோடு கூடலில் உள்ள பொந்துகளையும் எண்ணிப் பார்ப்போம். பொந்துள்ள பனையைத் தறிக்காமல் விடுவோம்.