இரண்டாம் முறை வருவது யார்?



இதை எழுதுவதால் சிலருடைய மனம் புண்படும் என்பதை அறிவேன். எங்கள் பள்ளி வாரியத்திலேயே சேவைச் சங்க உறுப்பினர்கள் இருக்கின்றனர், நல்லவர்கள். ஆயினும் மூன்று ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்து உறுத்துவதை இனியும் சொல்லாமல் இருப்பது முறையன்று.

பள்ளி தொடங்கும் வாரத்தில் நம் தமிழ்ப்பள்ளிகளில் அரங்கேறும் காட்சி உங்களுக்குப் புதியதன்று. மண்டபத்தில் பதாகை கட்டப்படும். சங்கத் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், வட்டாரத் தலைவர், அவர்தம் துணைவியார் என மேடையில் இருக்கை போதாமல் ஐந்தாம் ஆண்டு வகுப்பிலிருந்து நாற்காலிகள் தூக்கி வரப்படும். அடுத்து, சாப்பாட்டு மேசை அளவில் ஒரு மாதிரிக் காசோலை. அதன்பின் இருபது பிள்ளைகள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, ஆளுக்கொரு புத்தகப்பையை ஏந்தியவாறு படம் எடுத்து முடியும்வரை அசையாமல் நிற்பார்கள். மற்ற மாணவர்கள் கீழே அமர்ந்து, இன்னார் இன்னார் ஏழை என்று மனப்பாடம் செய்துகொள்வார்கள்.

அந்த இருபது பெயர்களையும் எழுதிக் கொடுப்பது யார்? நாம்தான். எங்கள் பள்ளியில் நான்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தந்தை இல்லை, தாயாருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. முதலாம் ஆண்டிலிருந்தே பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்று வந்தது. விழாவுக்கு முதல் நாள், ஓய்வு நேரத்தில் என் மேசை அருகே வந்து நின்றாள்.

"டீச்சர், போன வருசம் குடுத்த பை இன்னும் நல்லாத்தான் இருக்கு. இந்த வருசம் என் பேரு வேணாம் டீச்சர்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் பெயரை அடித்திருக்க வேண்டும். மாறாக, "பட்டியல் அனுப்பியாச்சும்மா, எண்ணிக்கை குறைஞ்சா நல்லா இருக்காது" என்றேன். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மேடையில் அவள் பெயரை இரண்டு முறை அழைத்தார்கள். அடுத்த வாரம் அவளுடைய தாயார் அலுவலகத்திற்கு வந்து, கையொப்பமிட்டுப் பையை எடுத்துச் சென்றார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கொடுக்கின்ற கையைக் குறை கூறலாமா?" என்று என் சக ஆசிரியர் கேட்டார். ஞாயமான கேள்விதான். நம் தமிழ்ப்பள்ளிகளில் பலவும் பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது; கட்டடம், கூரை, மின்விசிறி என்று வரும்போது வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பொதுமக்களை நாட வேண்டிய நிலை இன்றும் உண்டு. எனவே நன்கொடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசோலையை வாரியத்திடம் கொடுங்கள். அதற்குப் பிள்ளைகளின் முகம் எதற்கு? பையைப் பள்ளி அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். தேவைப்படும் பெற்றோர் மாலையில் வந்து வாங்கிக்கொள்வார்கள். இதற்கு எந்தச் சங்கமும் இணங்காது என்றால், அவர்கள் கொடுக்க வந்தது பையா, வாங்க வந்தது படமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டல்லவா?

ஆனால் என் மனக்குறை புகைப்படத்தோடு முடியவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு.

இச்சங்கங்கள் சாதாரணமானவையல்ல. ரோட்டரி 1905இல் சிக்காகோவில் தோன்றியது. லயன்ஸ் இயக்கம் 1917இல் அதே நகரத்தில் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் தொடங்கியது. 1925இல் ஓஹாயோ மாநிலத்தில் நடைபெற்ற லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் உரையாற்றி, பார்வையற்றோர் நலனுக்காகப் பாடுபடுமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டார். உலகெங்கும் லயன்ஸ் சங்கங்கள் கண் மருத்துவப் பணிகளில் ஈடுபடுவது அதனால்தான். ஆசிரியரால் செய்ய இயலாத, பெற்றோராலும் பல வேளைகளில் செய்ய இயலாத பணி அது. கரும்பலகை மங்கலாகத் தெரிகின்ற பிள்ளையை நாம் 'மெதுவாகப் பயிலும் மாணவர்' பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். அவனுக்குத் தேவை குறைநீக்கல் வகுப்பன்று, ஒரு மூக்குக்கண்ணாடி.

எங்கள் பள்ளிக்கும் ஒரு சேவைச் சங்கம் கண் பரிசோதனை செய்ய வந்தது. ஏப்ரல் மாதம். 11 பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவை என்று கண்டறிந்தார்கள். நான் மகிழ்ந்துபோனேன். பெற்றோர்களிடம் "கடையில் வாங்க வேண்டாம், வந்துவிடும்" என்று சொல்லியும்விட்டேன். மே போயிற்று, ஜூன் போயிற்று. ஆகஸ்டில் தொலைபேசியில் அழைத்தபோது, "அது போன தலைவரோட திட்டம் டீச்சர். இப்போ புதுத் தலைவர். இந்த வருசம் மரம் நடுறோம்" என்று பதில் வந்தது.

இதில் தனி மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு அமைப்பில் இருக்கிறது. லயன்ஸ், ரோட்டரி ஆகியவற்றின் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டும் தலைவர் மாறுவார். புதிய தலைவருக்குப் புதிய திட்டம் வேண்டும். பழைய திட்டத்தை முடித்து வைப்பவருக்கு யார் கேடயம் தருவார்கள்? ஒரு பிள்ளைக்கோ ஆறு ஆண்டுகள் நம் பள்ளியில் வாழ்க்கை. அந்த ஆறு ஆண்டுகளில் அவன் ஆறு தலைவர்களைப் பார்க்கிறான், ஒவ்வொருவரையும் ஒரே ஒரு நாள்! 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டதும், அதுவரை எங்களுக்குக் கிடைத்து வந்த ஒரு நாள் தேர்வுப் பட்டறைகளும் நின்றுபோயின. தேர்வுதான் நின்றது, எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகள் அப்படியேதான் இருக்கிறார்கள். (கண்ணாடி விசயம்: பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகப் பணம் திரட்டி ஆறு பேருக்கு வாங்கினோம். மற்றவர்களுக்குப் பெற்றோரே எப்படியோ வாங்கினார்கள்.)

இளையோர் பிரிவுகளின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. லியோ மன்றம் 1957இல் பென்சில்வேனியாவில், ஒரு பள்ளியின் பேஸ்பால் பயிற்றுநரின் முயற்சியில், மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. தலைமைத்துவம், அனுபவம், வாய்ப்பு என்பதே அதன் பெயரின் விரிவு. நம் இடைநிலைப்பள்ளிகளிலும் லியோ, இண்டராக்ட் மன்றங்கள் உள்ளன. ஆனால் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் புறப்பாடத்திற்கு 10 விழுக்காடு என்றானபின், சேவை என்பது முத்திரை குத்திய கடிதமாகச் சுருங்கிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு மன்றத்தினர் எங்கள் பள்ளிக்கு வந்து சுவருக்கு வண்ணம் பூசினார்கள். பாதிச் சுவர் முடிந்தது. கடிதத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு சென்றவர்கள் மீதிச் சுவருக்கு வரவில்லை. அவர்களுள் நால்வர் எங்கள் முன்னாள் மாணவர்கள். அவர்களைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. மேடையேறிப் பை வாங்கிய நாளில் சேவை என்பது இதுதான் என்று அவர்களுக்குக் கற்றுத் தந்தவர்கள் நாம்தானே?

வேறு வழி இல்லாமல் இல்லை. டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டூழியர்களாக முன்வந்து, வார இறுதிகளில் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, பால்மரம் சீவிய கைகளே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டின. கை நீட்டி வாங்கிப் பழகிய சமுதாயம் அன்று நம்முடையது.

என் கண்முன்னேயும் ஒருவர் உண்டு. ஒரு சேவைச் சங்கத்தின் மூத்த உறுப்பினர். வங்கி எழுத்தராக இருந்து பணி ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளாகப் புதன்கிழமைதோறும், தலைமையாசிரியரின் அனுமதியோடு, நூல்நிலையத்தில் ஐந்து பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்கிறார். பதாகை இல்லை. சட்டைப்பையில் ஒரு 555 குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறார்; யார் எந்தப் பக்கத்தில் நிறுத்தினான் என்பதை அதில் குறித்துக்கொள்வார். முதல் வாரம் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. இப்போது புதன்கிழமை மழை பெய்தால், "தாத்தா வருவாரா டீச்சர்?" என்று சன்னலைப் பார்க்கிறார்கள். அவருடைய சங்கத்தின் ஆண்டறிக்கையில் இது இடம்பெற்றதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இவ்வாண்டும் பட்டியல் படிவம் வந்தது. மாணவர் பெயர், பெற்றோர் தொழில், குடும்ப வருமானம் என்று மூன்று கட்டங்கள். நான் நிரப்பவில்லை. பதிலாக ஒரு கடிதம் எழுதி, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அனுப்பினேன். பைகளை மேடையின்றித் தாருங்கள். கண் பரிசோதனை செய்தால் கண்ணாடி கைக்கு வரும் தேதியையும் எழுதித் தாருங்கள். உங்கள் லியோ மாணவர்களில் நால்வரை வாரம் ஒரு மணி நேரம், ஓராண்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன்.

அச்சங்கம் இவ்வாண்டு பக்கத்துப் பள்ளிக்குச் சென்றுவிட்டது. வாரியத்தில் இருவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் சென்ற வாரம், படிவம் 4இல் பயிலும் முன்னாள் மாணவர் இருவர், நான் யாரிடமும் சொல்லாதிருந்தும், நூல்நிலைய வாசலில் வந்து நின்றார்கள். முத்திரை வேண்டுமா என்று கேட்டேன். "வேணும் டீச்சர்" என்றான் ஒருவன், ஒளிவுமறைவு இல்லாமல். நவம்பரில் தருகிறேன் என்றிருக்கிறேன். வரும் புதன்கிழமை வருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.